பரியமும் கூலியும்: உழைக்கும் ஆணுக்குக் குடும்பம் இயல்பா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் கொல்லிமலைச் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்கு மேலே, மலையாளிப் பழங்குடி மக்களிடம், மாப்பிள்ளை வீட்டார் பரியம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். கீழே சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பெண் வீட்டார் நகையும் சீரும் கொடுத்து மாப்பிள்ளை எடுத்தார்கள். இரண்டு பக்கமும் பேசுவது தமிழ்தான். பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம் இரண்டு பக்கமும் உண்டு. மேலே விளைந்தது கீழே உள்ள சந்தைக்குத்தான் வந்தது. கல்யாணக் கணக்கு மட்டும் தலைகீழ். (மலையாளி என்றதும் கேரளத்தாரை நினைத்துவிட வேண்டாம். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது, கொல்லி என்று இந்த மலைகளில் பரவி வாழும் தமிழ்ப் பழங்குடியினர் இவர்கள்.)

உழைத்துப் பிழைக்கும் ஆணுக்குக் கல்யாணமும் பிள்ளை வளர்ப்பும் இயல்பானவையா என்ற கேள்விக்கு நம்மூரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'காலாகாலத்தில் ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது பெரியவர்களின் பதில். 'ஆம்பளைக்கு வீடு எங்கே தங்கும்?' என்பது திண்ணைப் பேச்சின் பதில். முதல் பதில் ஆணைக் குடும்பத்துக்கென்றே பிறந்தவனாக்குகிறது. இரண்டாவது, கட்டிப்போட வேண்டிய பிராணியாக்குகிறது. இரண்டுமே அவன் செய்யும் வேலையைக் கேட்பதில்லை. என்ன வேலை, எங்கே, எத்தனை மாதம், கூலி யார் கையில் என்பதைக் கேட்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்பதே என் முடிவு. அதற்கு வேண்டிய சான்றுகளில் பாதி நாமக்கல் என்ற இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

மலையிலிருந்தே தொடங்கலாம். மலையாளிகளின் தோற்றக் கதையில் காஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் வருகிறார்கள். பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். போன இடத்தில் வேறு குலத்துப் பெண்களை மணந்து குடியானார்கள் என்று கதை போகிறது. வரலாறாக இதை யாரும் நிறுவவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பிறப்பை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆண்கள் மலைக்கு வந்தார்கள் என்பதோடு கதை முடியவில்லை. பெண் எடுத்த பிறகுதான் அது ஊராகிறது, நாடாகிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள்; இன்றைய ஊராட்சிகளும் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன.

பெண் இல்லாமல் ஏன் ஊராக முடியாது? சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காலத்தில் மலைச்சரிவில் ஏர் ஓட்டுவதோடு ஆணின் வேலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். களை எடுப்பு, அறுப்பு, விதை எடுத்துவைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாமையை உரலில் குத்திச் சோறாக்குவது, இவையெல்லாம் பெண்ணின் தோளில்தான் இருந்தன. சாமை குத்திப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை நேரம் தின்னும் என்பது தெரியும். தனியாளாக ஒருவன் கொல்லையில் விளைவிக்கலாம், விளைந்ததைத் தின்ன முடியாது. பெண்ணின் உழைப்புக்கு அங்கே விலை இருந்தது; அந்த விலைதான் பரியம். பெண்கள் வயலில் அதிகம் உழைக்கும் வேளாண்மை இருக்குமிடத்தில் மணமகன் கொடுப்பதும், பெண்ணை வயலிலிருந்து விலக்கிய வேளாண்மை இருக்குமிடத்தில் மணமகள் வீடு கொடுப்பதும் உலகெங்கும் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது என்று பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1970-இல் எழுதினார். அவர் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் ஒப்பிட்டார். நமக்கு ஒரே மலையின் உச்சியும் அடிவாரமும் போதும்.

பரியம் கொடுத்து வந்த மணத்தில் பிரிவுக்கும் வழி இருந்தது. ஒத்துவராதவர்கள் விலகலாம், விலகியவள் இன்னொருவனோடு வாழப்போனால் பரியம் திரும்புவது, பிள்ளை யாருக்கு என்பது எல்லாம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்க்கும் வழக்கு. 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில், கொல்லிமலையில் மனைவி வேறொருவனோடு போய்ப் பெற்ற பிள்ளைகளுக்கும் முதல் கணவனே உரியவன் என்று பதிவாகியிருக்கிறது. வெள்ளை அதிகாரிகள் பழங்குடிகளின் படுக்கையறையை ஆராய்வதில் காட்டிய அக்கறை அருவருப்பானது. அவர்கள் எழுதியதில் எவ்வளவு கேட்டது, எவ்வளவு கற்பித்தது என்று பிரிப்பதும் கடினம். இருந்தாலும் இந்த ஒரு விதி எனக்கு அர்த்தமுள்ளதாகவே படுகிறது. யார் தகப்பன் என்பதை ரத்தம் முடிவு செய்யவில்லை. பரியம் கொடுத்தவன், கொல்லை வைத்திருப்பவன், சோறு போட்டு வளர்ப்பவன் தகப்பன். வளரும் பிள்ளைக்கு ஒரு கொல்லை வேண்டும், கொல்லைக்கு ஒரு பிள்ளை வேண்டும். கீழ்நாட்டார் இதை ஒழுக்கக்கேடு என்றார்கள். கைவிடப்பட்ட பிள்ளை என்ற ஒன்று இல்லாமல் செய்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். நான் அப்படித்தான் சொல்வேன்.

அப்படியானால் 'இயல்பு' எங்கே இருக்கிறது? பாலூட்டி விலங்குகளில் பிள்ளை வளர்ப்பில் நேரடியாகப் பங்கெடுக்கும் ஆண்கள் உள்ள இனங்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மனித ஆண் அந்தச் சிறுபான்மையில் இருக்கிறான், ஆனால் நிலையாக இல்லை. மனிதவியலாளர் மார்கரெட் மீட் 1949-இல் வெளியிட்ட நூலில் தந்தைமையைச் சமூகம் கண்டுபிடித்த ஏற்பாடு என்றார். ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆண்களுக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், கற்றுக்கொடுக்கத் தவறினால் மறைந்துவிடும் என்பது அவர் வாதம். மத்திய ஆப்பிரிக்காவின் 'அக்கா' என்ற வேட்டைச் சமூகத்தாரிடையே பாரி ஹ்யூலெட் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே தகப்பன்கள் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். காரணம் அவர்களின் குணமல்ல, வேட்டை முறை. வலை போட்டு வேட்டையாடுவதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே காட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையும் கூடவே போகிறது.

உடலையே அளந்து பார்த்தவர்களும் உண்டு. பிலிப்பைன்ஸின் செபுவில் 624 ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து லீ கெட்லரும் கூட்டாளிகளும் 2011-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டெஸ்டோஸ்டிரோன் அதிகம் இருந்த இளைஞர்களே பின்னால் துணை தேடித் தகப்பனாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தகப்பனானதும் அதே சுரப்பு அவர்களிடம் நன்றாகக் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் இன்னும் குறைவாக இருந்தது. ஆக, ஆணின் உடம்பில் பிள்ளை வளர்க்கும் ஆயத்தம் இருக்கிறது. ஆனால் பிள்ளை பக்கத்தில் இருந்தால்தான் அது விழிக்கிறது. பிள்ளை ஒரு மாநிலத்திலும் தகப்பன் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால் அந்த ஆயத்தத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

இந்த இடத்தில்தான் திருச்செங்கோடு வருகிறது. மலையிலிருந்து இறங்கினால் அதே நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் ஊர். நாட்டின் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் தொழிலுக்குத் தலைநகரம் மாதிரி. ரிக் வண்டியும் அதற்குத் துணை லாரியும் ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் சுற்றும். ஆட்கள் லாரியிலேயே சமைத்து லாரியடியிலேயே படுப்பார்கள். இந்த வேலைக்கு வேண்டியது கல்யாணமாகாதவன், அல்லது கல்யாணமானதை மறந்திருக்கக்கூடியவன். முன்பணம் வாங்கியவன் நடுவில் திரும்ப முடியாது. அதே மாவட்டத்தின் கோழிப்பண்ணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'கணவன் மனைவியாகத் தங்கி வேலை செய்ய ஆள் தேவை' என்றுதான் விளம்பரம் வரும். பண்ணைக்குள் ஓர் அறை, கோழிக்குத் தீவனம் வைக்கவும் முட்டை பொறுக்கவும் இரண்டு ஜோடிக் கைகள், இரவுக் காவலுக்கும் அவர்களே. தனி ஆண் இங்கே செல்லுபடியாக மாட்டான். சில மைல் இடைவெளியில் ஒரு முதலாளி குடும்பத்தைக் கழித்து ஆள் எடுக்கிறார், இன்னொருவர் குடும்பத்தைச் சேர்த்து எடுக்கிறார். இரண்டு இடத்திலும் வேலைக்குப் போகிறவன் ஒரே ஊர்க்காரனாக இருக்கலாம்.

இலங்கை மலையகம் இதைப் பெரிய அளவில் முன்பே நடத்திக் காட்டியது. 19-ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் நடந்து போனவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்குப் போவார்கள், முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். 1869-இல் இலைத்துரு நோய் தொற்றிக் கோப்பி அழிந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். உடனே துரைமாருக்குத் தமிழ்க் கூலியின் குடும்பம் இயல்பானதாகத் தெரிந்துவிட்டது. லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டினார்கள், கைக்குழந்தைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா வைத்தார்கள், குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போனார்கள். ஒரே மக்கள், ஒரே கங்காணி முறை, மாறியது செடி. பீஜி முதலிய இடங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண் என்று சட்டம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் 60 ஆண்களுக்குக் குடும்பம் இயல்பில்லை என்று அரசாங்கமே முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

இதற்கு நேர் எதிரான கொடுமை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடக்கிறது. கரும்பு வெட்டப் போகும் ஆட்களைக் 'கொய்தா' கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு கொய்தா என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்த ஜோடி. முன்பணமும் ஜோடிக்குத்தான். தனி ஆளுக்கு வேலை கிடைக்காது என்பதால் பருவம் தொடங்குமுன் அவசரக் கல்யாணங்கள், பள்ளிக்கூடப் பெண்களின் கல்யாணங்கள் நடக்கின்றன. மாதவிடாய் நாளில் கூலி போகிறதென்று இளம்பெண்கள் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டையே உலுக்கியது. 'உழைப்பாளிக்குக் கல்யாணம் இயற்கை' என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருமுறை பீட் போய்வர வேண்டும். அங்கே கல்யாணம் என்பது ஒரு வேலைக்கருவி.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வேலையாட்களும் தொழில் பழகுநர்களும் இருபதுகளின் கடைசியில்தான் மணந்தார்கள், கணிசமானோர் மணக்கவே இல்லை என்று ஜான் ஹைனல் 1965-இல் காட்டினார். ஏழைத் தொழிலாளி பிள்ளைகளைக் காப்பாற்ற வழி பிறக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று மால்தஸ் உபதேசம் செய்தார். நம் பக்கத்துக் கேரளத்தில் நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களில், சம்பந்தம் என்ற மண உறவு கொண்ட ஆண் இரவு வந்து காலையில் தன் தாய்வீட்டுக்குப் போனான். பிள்ளைகளை மாமன் வளர்த்தான். 1925-இன் திருவிதாங்கூர்ச் சட்டமும் 1933-இன் சென்னை மாகாணச் சட்டமும்தான் அவனைச் சட்டப்படி கணவனும் தகப்பனும் ஆக்கின. ஏங்கெல்ஸ் 1884-இல், சொத்தில்லாத பாட்டாளியின் மணத்தில் ஆண் ஆதிக்கத்துக்கு அடிப்படையே இல்லை என்று நம்பினார். அடிப்படை இல்லாமலும் ஆதிக்கம் நடக்கும் என்பதை எந்தக் கூலிக்காரர் தெருவும் அவருக்குச் சொல்லியிருக்கும். 'பெண் ஏன் அடிமையானாள்?' எழுதிய பெரியார் இந்த விஷயத்தில் அவரைவிடத் தெளிவு. கேள்வியையே அவர் பெண்ணின் பக்கத்திலிருந்து கேட்டார்.

மலைக்குத் திரும்புவோம். சாமையும் தினையும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன; 1981-இல் அந்த ஆலைகளின் கூட்டுறவான சேகோசர்வ் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களை மீட்க முயன்று, குத்தும் பாட்டைக் குறைக்க அரவை இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. மனிதவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் இங்கே தங்கி எழுதியவர். மலை மக்கள் ஏமாந்துபோய் மரவள்ளிக்கு மாறவில்லை, வரும் பணத்தை வைத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டே மாறினார்கள் என்பதை அவர் எழுத்தில் காணலாம். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தக் கணக்கில் குடும்பத்துக்குள் ஒரு மாற்றமும் நடந்தது. சாமை பெண்ணின் குதிரில் இருந்தது. மரவள்ளி லாரியில் ஏறியதும் பணமாகி ஆணின் சட்டைப் பையில் விழுகிறது. சோறு கொடுத்தவனாக இருந்த தகப்பன் 'பணம் கொடுப்பவன்' ஆனான். பணம் கொடுப்பவனுக்கு வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரல் போனது பெண்ணுக்கு நிம்மதிதான், அதை யாரும் திருப்பிக் கேட்க வேண்டாம். ஆனால் உழைப்பின் விலை போனதும் பரியத்தின் நியாயமும் போனது. கீழ்நாட்டு நகையும் சீரும் அந்த 70 வளைவுகளில் ஏற இனித் தடை ஏது? அப்பனும் அம்மாவும் வெளியூர் வேலைக்குப் போனால் பிள்ளை பாட்டியிடமோ, அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலோ வளர்கிறது. விடுதிச் சமையல்காரர்தான் பல பிள்ளைகளுக்கு நடைமுறைப் பெற்றோர்.

கீழே நிலைமை வேறு விதமாகக் கெட்டது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அன்று நாமக்கல்லும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பிறக்கவிடாத பெண்களும், படித்து நகரத்து மாப்பிள்ளை தேடும் பெண்களும் சேர்ந்து, காடு வைத்து உழைக்கும் கொங்கு ஆணுக்குப் பெண் கிடைக்காத நிலையை உண்டாக்கினார்கள் என்று சொன்னால் பழி சரிசமமாக விழும், அது தவறு. முதல் குற்றம் கொன்றவர்களுடையது. இரண்டாவது, ஒரு பெண் தனக்கு நல்ல வாழ்க்கை தேடுவது, குற்றமே இல்லை. பெண் கிடைக்காத வீட்டார் பாலக்காட்டுப் பக்கம் போய் ஏழைக் குடும்பங்களில் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை வீடே கல்யாணச் செலவை ஏற்றது. ஒரு வகையில் பரியம் கீழே இறங்கிவந்தது. திருச்செங்கோட்டுக்காரரான பெருமாள்முருகன் 'கங்கணம்' நாவலில் முப்பத்தைந்தைத் தொட்டும் பெண் கிடைக்காத ஒரு விவசாயியைத்தான் நாயகனாக்கினார். மலையில் பெண் இல்லாமல் விவசாயம் இல்லை என்றிருந்தது. சமவெளியில் விவசாயி என்பதாலேயே பெண் இல்லை என்றானது.

குடும்பத்தைக் காப்பாற்றுவது என்ற கடமை ஆணை எங்கெல்லாம் அனுப்புகிறது என்பதற்கு 2015 ஏப்ரல் 7 போதும். ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். அவர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைகளைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிகள், கொல்லிமலையாருக்கு உறவுமுறைச் சமூகம். ஊரில் கிடைக்காத கூலி காட்டில் கிடைக்கும் என்று தரகர்கள் ஆள் சேர்த்தார்கள். சங்கப் பாடல்களில் பொருள்தேடிப் பிரிந்தவன் கார்காலத்துக்குள் திரும்பிவிடுவான் என்பது மரபு. அந்த மரபைத் தரகர்கள் படித்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை மூன்று நுகர்வு அலகுகளுக்குக் கணக்கிட வேண்டும் என்றது. தொழிலாளி 1, மனைவி 0.8, இரண்டு பிள்ளைகள் தலா 0.6. ஒரு அலகுக்கு 2,700 கலோரி உணவு, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, விறகு விளக்குச் செலவு. பெண், பிள்ளைகளின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டது, முதுமை ஆகியவற்றுக்கென்று 25 விழுக்காடு சேர்த்தது. ஆஸ்திரேலியாவில் நீதிபதி ஹிக்கின்ஸ் 1907-இல் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உள்ள தொழிலாளியை வைத்து நியாயக் கூலி நிர்ணயித்ததின் வாரிசு இந்தச் சிந்தனை. மனைவியின் உழைப்பை 0.8 வயிறாக மட்டும் பார்த்தது இதன் பெரிய குறை. மலையின் பரியம்கூட அவளுக்குக் கூடுதல் மரியாதை தந்தது. ஆனாலும் ஒரு பெரிய விஷயத்தை இந்தச் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. உழைப்பாளியின் குடும்பம் இயற்கையாகத் தானே நடந்துவிடாது, அதைக் கூலியில்தான் கட்ட வேண்டும்.

காசில் ஒத்துக்கொண்டதை நேரத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியருக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மரவள்ளி மூட்டை ஏற்றுகிறவனுக்கும் ரிக் வண்டியில் குழாய் மாட்டுகிறவனுக்கும் அரை நாள்கூட இல்லை. தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி வருகிறது. பக்கத்தில் இருக்க வேண்டிய தகப்பனை அழைத்துவர எந்தத் திட்டமும் இல்லை. புதிய துறையோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் பிற அமைப்புசாரா வாரியங்களும் ஏற்கெனவே கல்யாண உதவியும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் தருகின்றன. பதிவு பெற்ற தகப்பனுக்குப் பிள்ளை பிறந்தால் 15 நாள் கூலியும், வெளிமாநிலத்தில் இருந்தால் ஊர் திரும்பப் பயணச் செலவும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். முன்பணத்தைக் காட்டி ரிக் வண்டிக்காரர்கள் ஆளைப் பிடித்துவைப்பதை 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கண்ணால் பார்க்க வருவாய்த் துறை தொடங்க வேண்டும். நாமக்கல் மாவட்ட நிர்வாகம் இதை நாளையே தொடங்கலாம்.